ஸ்பானிய அலுவல் கடிதங்களில் கட்டாயமும் அவசரமும்: தமிழ் வழியாக ஒரு வாசிப்பு

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களிலும், கரூரின் வீட்டு ஜவுளி நிறுவனங்களிலும், தென் அமெரிக்கச் சந்தையைத் தேடிச் செல்லும் கோயம்புத்தூர் பம்பு நிறுவனங்களிலும் ஸ்பானிய மொழி இன்று கண்காணாத் தொலைவில் இருக்கும் மொழியன்று. கலீசியாவின் அர்தெய்ஷோவில் தலைமையகம் கொண்ட இன்டிடெக்ஸும், பார்சிலோனாவுக்கு அருகிலிருந்து இயங்கும் மாங்கோவும் ஸ்பெயினின் ஆடை வணிகத்துக்கு உலக முகவரி தந்தவை. அந்நாட்டு வாங்குவோருடன் தொழில் செய்யும் நம் ஊர்க்காரர்கள் நாள்தோறும் அவர்களுடைய கடிதங்களைத் திறக்கிறார்கள். வணிகக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் அதற்குக் கீழே, வடிவமைப்புப் பிரிவும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் தமக்குள் எழுதிக்கொண்ட ஸ்பானிய வரிகள் ஒட்டிக்கொண்டு வரும். சாம்பிள் மீதான கருத்துத்தாளில் நான்கு சொல் ஸ்பானியத்தில் இருக்கும். மெக்சிகோவிலிருந்தோ பெருவிலிருந்தோ எழுதுபவர் முழுக்கடிதத்தையுமே ஸ்பானியத்தில் எழுதிவிடுவார். அந்த வரிகளில், வாங்குவோருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: இந்த வேலையை யார் செய்தாக வேண்டும், எப்போதைக்குள் செய்தாக வேண்டும்.

இந்த இரண்டையும் ஸ்பானியம் எவ்வாறு சொல்கிறது என்பதை நம் ஊர் வகுப்புகளில் ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கிறார்கள். மஸ்ட், ஹேவ் டு, ஷுட் என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஸ்பானியத் தொடரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த அட்டவணை தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது போதாது. கட்டாயத்தையும் தேவையையும் சொல்லும் முறையில் ஸ்பானியம் பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமாக நடக்கிறது. நடுவில் ஆங்கிலத்தை வைக்காமல் நேராகத் தமிழிலிருந்து அதை அணுகினால், பல நுட்பங்கள் நமக்குப் பழக்கமானவையாகவே தெரியும். தமிழும் ஸ்பானியமும் பிரிகிற இடங்கள் எவை என்பதும் துலங்கும். படிக்குமுன் உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு: கீழே வரும் ‘தெபேர்’ என்பதன் தகரம் ‘தயவு’ என்பதில் ஒலிப்பது, ‘தெனேர்’ என்பதன் தகரம் ‘தங்கம்’ என்பதில் ஒலிப்பது. பகரம் பெரும்பாலும் ‘பாக்கி’ என்பதில் போல மென்மையாக ஒலிக்கும்.

முதலில், யார் செய்ய வேண்டும் என்ற கேள்வி. தமிழின் ‘வேண்டும்’ இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறாது. நான் அனுப்ப வேண்டும், நீங்கள் அனுப்ப வேண்டும், அவர்கள் அனுப்ப வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே வடிவம். எழுவாயை விட்டுவிட்டு ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பணுங்க’ என்று சொன்னால், யார் அனுப்புவது என்பதைக் கேட்பவர் இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார். ஸ்பானியத்தில் இதற்கு ஒத்த தொடர் ‘ஆய் கே’ என்பது. அதன் பின்னால் எந்த வினையின் வேர்வடிவத்தையும், அதாவது அகராதியில் காணும் மாறாத வடிவத்தையும், சேர்க்கலாம். ‘ஆய் கே ரெபெதீர் லா முவெஸ்த்ரா’ என்றால் ‘மாதிரியை மறுபடி செய்ய வேண்டும்’. செய்பவர் பெயர் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. இதை ஆங்கிலத்தில் பெயர்க்கப் புகுந்தால் இல்லாத எழுவாய் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கும். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை.

செய்பவரைக் குறிப்பிட விரும்பினால் ஸ்பானியம் ‘தெனேர் கே’ என்ற தொடருக்கு மாறுகிறது. அங்கே வினை ஆளுக்கு ஆள் உருமாறும். ‘தெங்கோ கே’ என்றால் எழுதுபவரே செய்ய வேண்டும். ‘தியேனெஸ் கே’ என்றால் நீ. ‘தியேனே கே’ என்றால் அவர், அல்லது மரியாதையாக அழைக்கப்படும் நீங்கள். ‘தெனேயிஸ் கே’ என்றால் ஸ்பெயின் நாட்டு வழக்கில் நீங்கள் பலர். ஆகவே ஒரே கடிதத்தில் முதல் பத்தியில் ‘ஆய் கே’ என்று எழுதியவர் இரண்டாம் பத்தியில் ‘தெனேயிஸ் கே’ என்று எழுதினால், அந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் வேலையைப் பொதுவில் வைத்தவர், பிறகு அதை உங்கள் மேசைக்குத் தள்ளிவிட்டார். ‘ஆய் கே’ என்று மட்டும் எழுதியிருந்தாலும்கூட, கடிதம் உங்களுக்கு எழுதப்பட்டதாக இருந்து, வேறொருவர் பெயர் அதில் சொல்லப்படாமலும் இருந்தால், வேலை உங்களுடையது என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆளைச் சுட்டாமல் வேலை வாங்குவதற்கு ஸ்பானிய அலுவலகங்களில் இத்தொடர் மிகவும் பயன்படுகிறது. அதன் மென்மை சொல்முறையைச் சேர்ந்தது, வேலையின் கட்டாயத்தை அது குறைப்பதில்லை.

இதில் தமிழர் கூடுதலாக விழித்திருக்க வேண்டிய வடிவம் ‘தெனேமோஸ் கே’. இதற்கு ‘நாம் செய்ய வேண்டும்’ என்றும் பொருள், ‘நாங்கள் செய்ய வேண்டும்’ என்றும் பொருள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு தமிழுக்கு உயிர்நிலை. ஸ்பானியத்தில் அது இல்லை. ‘தெனேமோஸ் கே ஸெர்ரார் எல் ப்ரேஸியோ ஓய்’ என்று விலை பற்றி எழுதினால், இன்று இரு தரப்பும் பேசி விலையை முடித்தாக வேண்டும் என்று பொருள், அங்கே ‘நாம்’. திங்கட்கிழமை தொகுப்பைத் தங்கள் நிர்வாகத்துக்குக் காட்ட வேண்டும் என்று அதே வடிவத்தில் எழுதினால், அது ‘நாங்கள்’. ஆனால் திங்களுக்குள் மாதிரி அவர்கள் கைக்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்ற சேதி அந்த வரியில் அடங்கியிருக்கிறது. மேலாளருக்குத் தமிழில் விளக்கும் மெர்ச்சண்டைசர் நாமா நாங்களா என்று முடிவு செய்துதான் வாயைத் திறக்க முடியும். அந்த முடிவை அவசரத்தில் எடுக்காமல், விலையா, சரக்கா, அவர்களுடைய உள்வேலையா என்று பொருளைப் பார்த்து எடுப்பது நல்லது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று, ஸ்பானியர் எழுதும் ஆங்கிலம். ‘யூ ஹேவ் டு செண்ட்’ என்று ஒரு வரி வந்தால், அதிகாரம் செய்கிறார்கள் என்று நம் அலுவலகங்களில் மனம் புண்படுவதைப் பார்த்திருக்கிறேன். சின்னப் பையனிடம்கூட ‘வாங்க, உக்காருங்க’ என்று பேசும் ஊரில் அந்த வருத்தம் இயல்பானதே. ஆனால் அந்த வரியை எழுதியவர் மனத்தில் ஓடியது ‘தெனேயிஸ் கே எம்பியார்’ என்பது. அது ஸ்பானியத்தில் நிலைமையைச் சொல்லும் சாதாரணத் தொடர். நம் ‘அனுப்பணும்’ அளவுக்கே அதில் காரம் உண்டு. அதுபோலவே ‘வி நீட் தட் யூ செண்ட்’ என்று வருவது ‘நெஸெஸிதாமோஸ் கே’ என்ற தொடரின் நேர் நிழல். ஆங்கில வரிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பானிய வரியை ஊகிக்கத் தெரிந்தால், கோபத்தோடு பதில் எழுதும் பல சந்தர்ப்பங்கள் இல்லாமல் போகும்.

‘தெனேர் கே’ வெளியிலிருந்து வரும் நெருக்கடியைச் சொல்வது: கப்பல் தேதி, சுங்க விதி, கடை திறக்கும் நாள். ‘தெபேர்’ என்ற வினை கடமையையும் முறையையும் சொல்வது. பேச்சில் இரண்டும் அடிக்கடி இடம் மாறிக்கொள்ளும் என்றாலும், எழுத்தில், அதிலும் ஒப்பந்தத்தில், ‘தெபேர்’ தனி எடை பெறுகிறது. கொள்முதல் ஆணையின் பின்பக்க நிபந்தனைகளில் ‘எல் ப்ரொபெயெதோர் தெபெரா எந்த்ரெகார்’ என்று எதிர்கால வடிவத்தில் எழுதியிருந்தால், அது நம் சட்டத் தமிழில் வரும் ‘வழங்குநர் ஒப்படைத்தல் வேண்டும்’ என்பதற்குச் சமம். மீறினால் பிடித்தம் உண்டு. அதே வினை ‘தெபெரீயா’ என்று மாறினால் ‘ஒப்படைப்பது நல்லது, ஒப்படைத்தால்தான் முறை’ என்ற அறிவுரை நிலைக்கு இறங்கிவிடும். கண்ணுக்கு மிகச் சிறிய வேறுபாடுதான், ஆயினும் ஒன்று கட்டளை, மற்றது ஆலோசனை. நிபந்தனைகளைப் படிக்கிறவர் இந்த இரண்டையும் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளாமல் கையெழுத்துக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘தெபேர்’ வினையோடு ‘தெ’ என்ற சிறு சொல் சேர்ந்தால் பொருள் வேறு திசைக்குப் போகிறது. ‘தேபே தெ எஸ்தார் என் எல் புவேர்த்தோ’ என்றால் ‘துறைமுகத்தில் இருக்க வேண்டும்’, அதாவது அங்கே இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதமி, கட்டாயத்துக்கு ‘தெ’ இல்லாமலும், ஊகத்துக்கு ‘தெ’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதலாம் என்று வகுத்திருக்கிறது. ஆனால் மக்கள் வழக்கில் இரண்டும் கலந்தே வருகின்றன. தமிழருக்கு இது புதிதே அல்ல. ‘கன்டெய்னர் இந்நேரம் தூத்துக்குடி போயிருக்கணும்’ என்று நாம் சொல்வது கட்டளையா, ஊகமா? ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. ஸ்பானியத்தில் அப்படி வரும்போதும் இடம் பார்த்துத் தெளிவதுதான் வழி. ‘அபேர் தெ’ என்று இன்னொரு தொடரும் உண்டு. அது பொதுவாக ஏட்டு வழக்கு. ஆனால் கத்தலான் மொழியில் கட்டாயத்துக்கு அதற்கு இணையான தொடரே இயல்பு வழக்கு என்பதால், பார்சிலோனாப் பக்கத்திலிருந்து எழுதுபவர்கள் ‘எமோஸ் தெ’ என்று சர்வ சாதாரணமாக எழுதக்கூடும். ‘தெனேமோஸ் கே’ என்பதற்கும் அதற்கும் வேலையளவில் வேறுபாடு இல்லை.

தமிழும் ஸ்பானியமும் தோளோடு தோள் நிற்கும் இடம் தேவையைச் சொல்லும் தொடர்கள். ‘எனக்கு வேண்டும்’, ‘எங்களுக்குத் தேவை’, ‘எனக்கு அவசரம்’ என்று நாம் தேவைப்படுபவரை நான்காம் வேற்றுமையில் வைக்கிறோம். தேவைப்படும் பொருள்தான் எழுவாய். ஸ்பானியமும் அப்படியே செய்கிறது. ‘மெ ஆஸெ ஃபால்தா லா அப்ரொபஸியோன்’ என்றால் ‘எனக்கு ஒப்புதல் தேவைப்படுகிறது’. ‘மெ ஊர்ஹே’ என்றால் ‘எனக்கு அவசரமாக வேண்டும்’. ‘மெ கோர்ரெ ப்ரீஸா’ என்றாலும் அதுவே, சற்றுப் பேச்சுநடையில். இம்மூன்றிலும் ‘மெ’ என்பது ‘எனக்கு’. ஆங்கில வழி படிப்பவர்கள் இதை ‘நான்’ என்று தலைகீழாகப் புரட்டிக்கொண்டு தடுமாறுகிறார்கள். தமிழில் நினைப்பவருக்குப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. பல பொருள்கள் தேவைப்பட்டால் வினையும் பன்மையாகும் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ‘மெ ஆஸென் ஃபால்தா’.

அடுத்தவர் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று கேட்கும்போது ஸ்பானியம் சப்ஜங்டிவ் எனப்படும் வினைவடிவத்தைக் கொண்டுவருகிறது. ‘நெஸெஸீத்தோ கே மெ எம்பீயே’ என்பதில் ‘எம்பீயே’ நடந்த செயலன்று, நடக்கப்போவதாக உறுதி செய்யப்பட்டதுமன்று, விரும்பப்படும் செயல். மாணவர்கள் மிகவும் அஞ்சும் பாடம் இது. அஞ்ச வேண்டியதில்லை என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. நம் இலக்கணத்தில் வியங்கோள் வினை என்று படித்தோமே, அனுப்புக, வருக, வாழ்க என்று ஏவலையும் வேண்டுகோளையும் வாழ்த்தையும் ஒரே வடிவத்தில் அடக்குவது, அதன் வேலையில் பெரும்பகுதியை இந்த வடிவம் செய்கிறது. மரியாதைப் படர்க்கையான ‘உஸ்தேத்’ என்பதற்குரிய ஏவல் இந்த வடிவமேதான். தனியே ‘எம்பீயே’ என்று வந்தால் ‘அனுப்புக’; ‘கே’ என்பதற்குப் பின் வந்தால் ‘அனுப்ப வேண்டும் என்று’. ஒரே உரு, ஒரே உணர்வு.

மரியாதை கூடக் கூட வடிவமும் பின்னோக்கிப் போகும். ‘லே அக்ரதெஸெரீயா கே மெ எம்பியாரா’ என்றால் ‘தாங்கள் அனுப்பி வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்’. இதில் ‘எம்பியாரா’ இறந்தகால உருவில் இருப்பதால் ஏற்கெனவே அனுப்பியதைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. ‘அனுப்பினால்’, ‘வைத்தால்’ என்று நாமும் இறந்தகால அடியில்தான் நிபந்தனையைக் கட்டுகிறோம். இந்த அளவுக்கு மரியாதையாக ஒருவர் எழுதத் தொடங்கியிருந்தால், இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும்: அவர் புதியவர், அல்லது முன்பு சாதாரணமாக எழுதியும் பதில் வராததால் இப்போது முறைப்படி பதிவு செய்கிறார். பழகிய ஒருவர் திடீரென்று இந்த நடைக்கு மாறினால் அன்றே பதில் எழுதிவிடுவது நல்லது.

வேர்வடிவத்தை மட்டும் எழுதி ஏவுவதும் உண்டு. திருப்பூரில் தைக்கப்படும் பராமரிப்பு லேபிள்களிலேயே இதைக் காணலாம்: ‘லபார் ஆ 30’ என்றால் 30 டிகிரியில் துவைக்கவும், ‘நோ ப்ளாஞ்சார்’ என்றால் இஸ்திரி போட வேண்டாம். கடிதத்தில் ‘கொன்ஃபிர்மார் ரெஸெப்ஸியோன்’ என்று வந்தால் ‘பெற்றதை உறுதி செய்யவும்’. நம் ‘-வும்’ விகுதிக்கு இது மிகச் சரியான இணை. மரியாதைக் குறைவும் இல்லை, குழைவும் இல்லை.

எதிர்மறை வரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். தமிழின் ‘வேண்டாம்’ இரு பொருள் படும்: ‘நீங்கள் வர வேண்டாம்’ என்பது ‘வரத் தேவையில்லை’ என்றும் ஆகலாம், ‘வராதீர்கள்’ என்றும் ஆகலாம். ஸ்பானியத்தில் ‘நோ ஆய் கே’ அதே இரட்டைத் தன்மை கொண்டது. ‘நோ ஆய் கே கோர்தார்’ என்று கருத்துத்தாளில் இருந்தால், துணியை வெட்டத் தேவையில்லை என்கிறாரா, வெட்டவே கூடாது என்கிறாரா என்று அந்தத் தொடர் மட்டும் சொல்லாது. ‘நோ தேபெயிஸ்’ என்றால் ஐயமில்லை, ‘கூடாது’. ‘நோ தெனேயிஸ் கே’ என்றால் பெரும்பாலும் ‘வேண்டியதில்லை’. ஆயினும் பேச்சில் அதையும் தடையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்புதல் வராத துணியை வெட்டிவிட்டால் அது பல ஆயிரம் பீஸ்களின் கதையாகிவிடும் என்பதால், வெட்டு, சாயம், பிரிண்டிங் ஆகிய திரும்பப் பெற முடியாத கட்டங்களைப் பற்றிய எதிர்மறை வரி எதுவாயினும் தடை என்றே கொண்டு, உடனே கேள்வி கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்பதற்குரிய ஸ்பானிய வரி எளியது: ‘பொதேமோஸ் கோர்தார்?’ என்றால் ‘வெட்டலாமா?’. ‘ஸீ’ அல்லது ‘நோ’ என்று பதில் வந்துவிடும்.

இறந்தகாலத்தில் இரு மொழிகளின் நெருக்கம் இன்னும் வியப்பூட்டும். ஸ்பானியத்தின் இறந்தகால வடிவங்களில் இரண்டை இங்கே பார்க்கலாம். ‘துபீமோஸ் கே எம்பியார் போர் அபியோன்’ என்றால் ‘விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று’: கட்டாயம் வந்தது, செயலும் நடந்து முடிந்தது. ‘தெனீயாமோஸ் கே எம்பியார்’ என்றால் ‘அனுப்ப வேண்டியிருந்தது’: கடமை இருந்தது, ஆனால் அனுப்பினார்களா இல்லையா என்பதை அந்த வடிவம் சொல்லவில்லை. ‘வேண்டியதாயிற்று’, ‘வேண்டி வந்தது’ என்பவை முடிந்ததைச் சொல்வதும், ‘வேண்டியிருந்தது’ முடிவைத் திறந்து வைப்பதும் நமக்குக் காதுப் பழக்கம். ஆங்கிலம் இரண்டையும் ‘ஹேட் டு’ என்ற ஒரே பையில் போட்டுவிடுவதால், ஆங்கில வழி கற்றவருக்கு இந்த வேறுபாடு பிடிபட நெடுநாள் ஆகிறது.

பணத்தைத் தொடும் வேறுபாடும் இதுதான். ‘துபீமோஸ் கே’ என்று தொடங்கும் வரி, நடந்துவிட்ட ஒரு செலவை அறிவிக்கும். அதற்குப் பின்னால் அச்செலவு யாருடையது என்ற கணக்கு வரக்கூடும். ‘தெனீயாயிஸ் கே எம்பியார் ஆயேர்’ என்றால் ‘நீங்கள் நேற்றே அனுப்பியிருக்க வேண்டியது’ என்ற குறை. இன்னும் கணக்குக்குப் போகவில்லை, சரிசெய்ய இடம் இருக்கிறது. ‘தெபெரீயாயிஸ் அபேர் எம்பியாதோ’ என்று வந்தால் ‘அனுப்பியிருக்க வேண்டும்’. அனுப்பவில்லை என்பதை எழுதுபவர் முடிவு செய்துவிட்டார். நீங்கள் உண்மையில் அனுப்பியிருந்தால் கூரியர் எண்ணுடன் அன்றே மறுப்பு எழுத வேண்டும். அமைதியாக இருந்தால் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும்.

அவசரத்தைச் சொல்லும் சொற்களுக்கு வருவோம். ‘குவாந்தோ ஆந்தெஸ்’, ‘லோ ஆந்தெஸ் போஸீப்லே’ இரண்டும் ‘கூடிய விரைவில்’ என்பவை. அதிகம் புழங்கியதால் கூர்மை மழுங்கியவை. ‘ஆ லா மயோர் ப்ரெபெதாத் போஸீப்லே’ அலுவல் நடை. அரசுக் கடிதத்திலும் வங்கிக் கடிதத்திலும் வரும். ‘ஸின் ஃபால்தா’ என்பதே உண்மையான கண்டிப்பு. ‘எல் பியேர்னெஸ் ஸின் ஃபால்தா’ என்றால் ‘வெள்ளிக்கிழமை தவறாமல்’. இச்சொல் வந்த தேதியை நகர்த்தக் கேட்பது கடினம். ‘யா’ என்ற ஓரெழுத்துச் சொல் தேதியில்லாமல் வந்தால் ‘இப்பவே’. ‘எஸ் பாரா ஆயேர்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘இது நேற்றைக்கு வேண்டும்’; ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதைச் செய்யுங்கள் என்ற ஸ்பானிய மரபுத்தொடர் அது. தேதியைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று எண்ணி விளக்கம் கேட்டு எழுதினால் இருக்கிற நேரமும் போய்விடும்.

தேதிகளில் மூன்று முன்னிடைச்சொற்கள் மூன்று தமிழ் உருபுகளோடு பொருந்துகின்றன. ‘பாரா எல் பியேர்னெஸ்’ என்றால் வெள்ளிக்கு, அன்று கையில் இருக்க வேண்டும். ‘ஆந்தெஸ் தெல் பியேர்னெஸ்’ என்றால் வெள்ளிக்கு முன், அதாவது வியாழனே கடைசி. ‘ஆஸ்தா எல் பியேர்னெஸ்’ என்றால் வெள்ளி வரை, அதுவரை தொடரும் வேலை. ‘ஆ மாஸ் தர்தார்’ என்று சேர்த்தால் ‘மிகப் பிந்தினாலும்’. நாள் எண்ணும் முறையிலும் தெளிவு வேண்டும். ‘தீயாஸ் நதுராலெஸ்’ என்றால் ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்ந்த நாட்கள். லத்தீன் அமெரிக்காவில் இதையே ‘தீயாஸ் கோர்ரீதோஸ்’, ‘தீயாஸ் கலெந்தாரியோ’ என்பார்கள். ‘தீயாஸ் ஆபிலெஸ்’ என்றால் அலுவல் நாட்கள். ஸ்பெயினின் 2015ஆம் ஆண்டு 39ஆவது சட்டம் அரசு நிர்வாகக் கெடுக்களில் சனிக்கிழமையையும் இதிலிருந்து நீக்கியது. ‘லபொராப்லெஸ்’ என்ற சொல்லில் சனிக்கிழமையைச் சேர்த்து எண்ணுவோரும் உண்டு. ‘கீன்ஸெ தீயாஸ்’ என்றால் சொல்லளவில் பதினைந்து நாள், வழக்கில் இரண்டு வாரம். புதன்கிழமை சொன்னால் அடுத்ததற்கடுத்த புதன்கிழமை, அதாவது பதினான்காம் நாள். ஒரு நாள் கூடுதலாக இருக்கிறது என்று நம்பி கன்டெய்னர் ஏற்றுவதைத் திட்டமிடக் கூடாது.

நேர வித்தியாசமும் இந்தச் சொற்களின் பொருளோடு சேர்ந்தது. குளிர்காலத்தில் ஸ்பெயின் நமக்கு நாலரை மணி நேரமும், கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும். ‘மன்யானா ஆ ப்ரிமேரா ஓரா’, அதாவது நாளை காலை அலுவலகம் திறந்ததும் என்று கேட்டால், அவர்களுடைய ஒன்பது மணி நமக்குக் கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. நம் காலை ஷிப்டின் பெரும்பகுதி கையில் இருக்கிறது. சனிக்கிழமை அவர்களுடைய அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், நம் கம்பெனிகள் ஓடும். ஆகவே ‘திங்கள் காலை’ என்ற கெடுவில் நமக்கு ஒரு முழு வேலை நாள் மறைந்து கிடக்கிறது. ஆகஸ்டில் ஸ்பெயினில் விடுமுறை மிகுதி. அம்மாதத்தில் பலர் காலை முதல் மாலை மூன்று மணி வரை மட்டும் பணிபுரிவதும் உண்டு. ஜூலை கடைசியில் ‘ஆந்தெஸ் தே லாஸ் பகஸியோனெஸ்’, விடுமுறைக்கு முன், என்று கேட்கப்படும் ஒப்புதல் அன்று கிடைக்காவிட்டால் செப்டம்பருக்குப் போய்விடக்கூடும். எனவே ஜூலையில் வரும் அவசரம் மற்ற மாதங்களின் அவசரத்தைவிட மெய்யானது.

லத்தீன் அமெரிக்காவில் சொற்கள் சிறிது மாறும். அர்ஜென்டினாவில் ‘தியேனெஸ் கே’ என்பது ‘தெனேஸ் கே’ ஆகும். ஸ்பெயினில் ‘விரைந்து செய்’ என்பதற்கு ‘தாதே ப்ரீஸா’ என்பார்கள். அட்லாண்டிக்குக்கு அப்பால் ‘அபூராதே’. மெக்சிகோவின் ‘அஓரீத்தா’ ‘இப்போதே’ என்று பெயர்க்கப்பட்டாலும், அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், மாலையாகவும் இருக்கலாம். ‘லுவேகோ லுவேகோ’ என்று இரட்டித்தால்தான் அங்கே ‘உடனடி’. அவர்கள் ‘அஓரீத்தா’ என்று பணம் அனுப்புவதாகச் சொன்னால், நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வது தவறில்லை.

ஸ்பெயினின் அலுவலகங்களில் ‘தூ’ என்ற ஒருமை விளிப்பு முதல் கடிதத்திலேயே வந்துவிடக்கூடும். அதை நம் ‘நீ’ என்று எடைபோடக் கூடாது. அங்கே அது சக ஊழியர்களின் சமநிலை. கொலம்பியாவிலும் மெக்சிகோவிலும் ‘உஸ்தேத்’ நெடுநாள் நீடிக்கும். பதிலில் அவர்கள் பயன்படுத்துவதையே நாமும் பயன்படுத்துவது சரியாக இருக்கும். ‘தயவுசெய்து’ இல்லாத வேண்டுகோளும் இழிவன்று. ‘மெ மாந்தாஸ் லா ஃபோத்தோ?’ என்று நிகழ்காலக் கேள்வியாகக் கேட்பது, ‘போட்டோ அனுப்பறீங்களா?’ என்று நாம் கேட்பதைப் போன்ற இதமான கேள்விதான்.

இனி, நாம் எழுதும் பதில். கொங்குப் பேச்சில் ‘பண்ணிரலாமுங்க’, ‘ஆயிருமுங்க’ என்பவை வாக்குறுதிகள். கேட்பவருக்கு இந்த ஊர் தெரிந்தால் அவற்றை நம்பி அடுத்த வேலையைப் பார்ப்பார். ஆனால் ‘லாம்’ என்பதை நேராகப் பெயர்த்து ‘பொதேமோஸ் அஸேர்லோ’ என்று எழுதினால், ‘எங்களால் செய்ய முடியும்’ என்ற திறன் மட்டுமே அதில் இருக்கும். செய்வோம் என்ற வாக்கு இராது. ‘இந்தெந்தாரேமோஸ்’, முயல்கிறோம் என்று எழுதினால் மறுப்பின் முன்னறிவிப்பாகவே படிப்பார்கள். ஸ்பானியத்தில் வாக்கு நிகழ்காலத்தில் கொடுக்கப்படுகிறது: ‘தெ லோ எம்பீயோ மன்யானா’, நாளை அனுப்புகிறேன். ‘நாளைக்கு அனுப்பறனுங்க’ என்று நம் வாயில் வருவதும் நிகழ்காலம்தான். அந்த நிகழ்காலத்தையே எழுத்துக்கும் கொண்டுவந்து, தேதியையும் நேரத்தையும் சேர்த்துவிட்டால் போதும்.

முடியாது என்றால், முடியாததைத் தொடக்கத்திலும் மாற்றுத் தேதியை உடனே அடுத்தும் எழுத வேண்டும். ‘எல் பியேர்னெஸ் நோ யேகாமோஸ், எல் லூனெஸ் ஆ ப்ரிமேரா ஓரா லோ தியேனெஸ் ஸின் ஃபால்தா’: ‘வெள்ளிக்கு எட்டாது, திங்கள் காலை அலுவலகம் திறக்கும்போது தவறாமல் உங்கள் கையில் இருக்கும்’. இதில் ‘லோ தியேனெஸ்’ என்பதும் நிகழ்காலமே. ‘ஸின் ஃபால்தா’ என்று எழுதிவிட்டால் அந்தக் கெடு இனி அவர்களுடையதன்று, நம்முடையது. ஆகவே அதை எழுதுவதற்கு முன் சாயப்பட்டறையிலும் செக்கிங் பிரிவிலும் ஒரு முறை கேட்டுவிட்டு எழுத வேண்டும்.